பற்றீரியாவுக்கு ஒரு வதிவிடச் சான்றிதழ்

1954ஆம் வருடம் பங்குனி மாதத்தில், இலங்கை மலைநாட்டில் அட்டனுக்கு மேலே உள்ள புகைமலைத் தோட்டத்துக்கு ஒரு தகர டப்பா வந்து இறங்கியது. அதைத் தூக்கிவர ஆண்டியப்பனைக் கூப்பிட்டார்கள்.

ஆண்டியப்பன் கான் வெட்டுகிறவர். மழைத் தண்ணீர் தேயிலைச் சரிவின் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமலிருக்கக் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலுக்குத் தோட்டத்தில் கான் என்று பேர். யாராவது செத்துப்போனால் குழி வெட்டுகிறவரும் அவர்தான்.

"அலுங்காமத் தூக்கணும். நீ பொணந் தூக்குன கை, அதான் கூப்பிட்டேன்" என்றார் கணக்கப்பிள்ளை. பாராட்டுகிற குரலில்தான் சொன்னார்.

டப்பாவோடு வந்தவர் முத்துலிங்கம். மலைநாட்டுப் பசளை ஆய்வுக் கந்தோரில் மண் பிரிவு உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். ஆண்டியப்பன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலை ஏற, முத்துலிங்கம் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். குடை டப்பாவுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது.

"உள்ள என்னாங்க ஐயா இருக்கு?"

"பற்றீரியா."

"பூச்சிங்களா?"

"பூச்சி இல்லைக் காணும். கண்ணுக்குத் தெரியாத சீவன். கடல் கடந்து வந்திருக்கு."

டப்பாவோடு நாலு காகிதங்களும் வந்திருந்தன. பற்றீரியா எங்கே பிறந்தது என்று ஒன்று. நோய் நொடி இல்லை என்று ஒன்று. நாட்டுக்குள் வரலாம் என்று ஒன்று. வந்தபின் இருக்கலாம் என்று ஒன்று. நாலையும் வாங்க ஒன்பது நாள் ஆனதாகவும், தாமதத்துக்காகக் கந்தோரின் தலைவர் வருத்தம் தெரிவித்ததாகவும் முத்துலிங்கம் சொன்னார். ஆண்டியப்பன் மூன்று வருடத்துக்கு முன்னால் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். இதுவரை யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

டப்பாவைக் குளிர்ச்சியான, அமைதியான இடத்தில் வைக்க வேண்டும் என்று உத்தரவு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சன்னலோரக் கட்டில்தான் அப்படிப்பட்ட இடம். அதில் படுத்திருந்த காய்ச்சல்காரியைத் தரையில் பாய் போட்டு இறக்கிவிட்டு, டப்பாவைக் கட்டிலில் வைத்துக் கம்பளி போர்த்தினார்கள். பிறகு, சூடாகிவிடும் என்று கம்பளியை எடுத்தார்கள். அதைக் காய்ச்சல்காரிக்குக் கொடுக்கவில்லை. அது இப்போது ஆய்வுக் கந்தோரின் பொருளாகிவிட்டது.

மறுநாள் காலை, தோட்டத்து ஆட்களெல்லாம் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் முத்துலிங்கம் பேசினார்.

"தொழிலாளர் பெருமக்களே! தேயிலை வரிசைகளுக்கு நடுவே நாம் கிலுகிலுப்பைச் செடி விதைக்கப் போகிறோம். அது பயறு இனம். அதன் வேருக்குள் இந்தப் பற்றீரியா என்னும் விருந்தாளி குடியேறுவார். செடி அவருக்கு இருக்க இடமும் உண்ண உணவும் கொடுக்கும். அவர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து, பசளையாக்கி, செடிக்குக் கொடுப்பார். அந்தச் செடியை வெட்டி மண்ணில் புதைத்தால் தேயிலை செழிக்கும். எந்தச் செடியாவது அவரைப் பார்த்து, நீ எந்த நாடு, உன் அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டதுண்டா? இல்லை! உழைக்கிறாயா, இரு. இதுதான் இயற்கையின் சட்டம். வந்தவர் என்று ஒதுக்கி வைத்தால் மண் மலடாகிவிடும். இதை நீங்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்!"

களத்தில் நின்ற முந்நூறு பேரும் மனதில் பதித்துக்கொண்டார்கள். அவர்களில் இருநூற்றுத் தொண்ணூறு பேர், பாட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்ததால், எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை. கணக்கப்பிள்ளை கைதட்டச் சொன்னார், தட்டினார்கள்.

ஆண்டியப்பனின் சங்கடம் ஒரே ஒரு வருடம். 1946க்கு முந்திய ஏழு வருடமும் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்துப் பேர்ப் புத்தகங்களில் எல்லா வருடமும் அவர் பேர் இருந்தது. 1939ஆம் வருடத்துப் புத்தகத்தை மட்டும் கறையான் தின்றுவிட்டது. அந்த வருடம் ஆடி மழையில்தான் அவருடைய மகள் வேலாயி, நாலு வயது, காய்ச்சலில் செத்துப்போனாள். மூன்று நாள் மழை விடாததால், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தண்ணீரை ஒரு கையால் இறைத்துக்கொண்டே மறு கையால் குழி வெட்டினார். அவருக்கும் மனைவி மீனம்மாவுக்கும் அதன்பின் பிள்ளை இல்லை. கறையான் தின்ற வருடத்தைத் தவிர வேறெந்த வருடமும் அவருக்கு அவ்வளவு துல்லியமாக நினைவில் இல்லை.

விதைப்பு தொடங்கியது. கந்தோரிலிருந்து சுற்றுநிருபங்கள் வந்தன. பன்னிரண்டாம் சுற்றுநிருபப்படி, விதைகளை நஞ்சுத்தூள் கரைத்த நீரில் கழுவி, அதிலுள்ள சகல நுண்ணுயிர்களையும் கொல்ல வேண்டும். பதினாலாம் சுற்றுநிருபப்படி, கழுவிய விதையில் கஞ்சி தடவி நுண்ணுயிரை ஒட்ட வேண்டும்.

ஆண்டியப்பன் கழுவினார், தடவினார், ஒட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஐயா, நஞ்சுல கழுவுன வெதையில ஒட்டுனா அந்த சீவனும் செத்துப்போவாதுங்களா?"

முத்துலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பன்னிரண்டு பயிர்ப் பாதுகாப்புப் பிரிவின்ர. பதினாலு எங்கட. அவையின்ர நஞ்சைப் பற்றி நான் கதைச்சால், அவை எங்கட கஞ்சியைப் பற்றிக் கதைப்பினம்."

செடிகள் ஒரு சாண் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டன. இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரமும் மஞ்சளானதும் கந்தோர் ஒரு விசாரணை வைத்தது. பற்றீரியா மேல் குற்றம் சொல்ல வழியில்லை; அதனிடம் நாலு காகிதம் இருந்தது. டப்பாவைத் தொட்டவர்களில் காகிதம் இல்லாதவர் ஆண்டியப்பன் ஒருவர்தான். 'டப்பாவை நான் குலுக்கவில்லை. அதன் முன்னால் சுருட்டுக் குடிக்கவில்லை. பற்றீரியாவின் மனம் நோகும்படி எதுவும் பேசவில்லை' என்று எழுதி வாசித்துக் காட்டி, அவருடைய பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார்கள்.

மிஞ்சிய விதை அரைச் சாக்கு இருந்தது. கழுவாத விதை. பதினேழாம் சுற்றுநிருபம், எஞ்சிய விதையைப் புதைத்துவிட வேண்டும் என்றது. புதைக்கச் சொன்னால் ஆண்டியப்பனுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். ஆறாம் நம்பர் மலையின் கோடியில், தேயிலை முடிந்து பாறை தொடங்குகிற சரிவில், தோட்டத்துச் சுடுகாடு இருந்தது. பேர் சுடுகாடு, எரிக்க விறகு ஏது, புதைப்பதுதான். அங்கே வேலாயியின் மேல் எவரும் கால் வைக்க மாட்டார்கள் என்று, அந்த இடத்தைக் கொத்தி விதையைப் போட்டு மூடிவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், கொழுந்துக் கூடையோடு மீனம்மா கானுக்குள் ஓடிவந்தாள்.

"என்னாங்க, வந்து பாருங்க. வேலாயி எந்திரிச்சு நிக்கிறா."

மூட்டம் தரையோடு படிந்திருந்தது. அதற்குள் சுடுகாட்டுச் சரிவில் ஒரே ஓர் இடம் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. மூன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். அந்த அளவு ஆண்டியப்பனுக்குத் தெரியும். அவர் வெட்டிய அளவு. இடுப்பு உயரச் செடிகள். மஞ்சள் பூ. காற்று இல்லை, ஆனாலும் அவை அசைந்தன.

"வெதை நாந்தான் போட்டேன் புள்ள" என்றார்.

"போட்டது நீங்க. வளந்தது யாரு?"

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மீனம்மா தினமும் வேலை முடிந்ததும் அங்கே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்தபின் இரண்டு வட்டில் சோறு போடுகிற இடத்தில் மூன்று எடுத்து வைப்பாள். பிறகு நினைவு வந்து ஒன்றைத் திரும்பக் கழுவி வைப்பாள். ஆண்டியப்பன் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார்.

முத்துலிங்கம் ஒருநாள் தன் மஞ்சள் செடிகளைப் பார்வையிட வந்தவர், ஒன்றுக்குப் போக ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகத் தேடிப் போனார். விஞ்ஞானம் இப்படியும் முன்னேறுகிறது. பொத்தானைக்கூடப் போடாமல், "ஆண்டியப்பன்! ஆண்டியப்பன்!" என்று அவர் கத்தியது தொழிற்சாலை வரை கேட்டது.

ஆண்டியப்பனும் மீனம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். வேர் முழுக்க மிளகு மிளகாக முடிச்சுகள். பேனாக்கத்தியால் ஒரு முடிச்சை இரண்டாக அறுத்துக் காட்டினார். உள்ளே செக்கச் சிவந்திருந்தது.

"ஐயோ, ரத்தம்!" என்று மீனம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்படாதையும். இரத்தத்திலை இருக்கிற சிவப்பும் இதுவும் ஒரே குடும்பம். பற்றீரியா உயிரோடை இருந்து வேலை செய்தால் முடிச்சுக்குள்ளை சிவப்பாய் இருக்கும். செத்தால் பச்சையாய்ப் போயிடும்."

"அப்ப, உசிரோட இருக்காளா?"

"ஆர்?" என்றார் முத்துலிங்கம்.

கேட்டபடியே முடிச்சுகளை எண்ணினார். அவர் மனதுக்குள் அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டிருந்தார்.

நஞ்சில் கழுவாத விதை என்பதால் வளர்ந்தது என்று ஆண்டியப்பன் சொல்லிப் பார்த்தார். அப்படி எழுதினால் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவோடு பகை வரும். எனவே இந்த மண்ணிலே அபூர்வமான சுதேசப் பற்றீரியா ஒன்று இருக்கிறது என்று கந்தோர் முடிவு செய்தது. தலைவருக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் சுதேசம் என்றால் அத்தாட்சி வேண்டும். அதற்குக் கந்தோரில் ஒரு படிவம் இருந்தது: எந்த வருடம் முதல் இங்கே வசிக்கிறது? இடையில் வெளியே போனதுண்டா? சாட்சி யார்?

"இந்த மண்ணைக் கடைசியாய்க் கிண்டினது எப்ப எண்டு தெரியுமோ உமக்கு?"

"தெரியுங்க. முப்பத்தொம்பது ஆடி. பதினொண்ணாந் தேதி, செவ்வாக்கிழம. நாந்தான் வெட்டுனேன்."

"அதுக்குப் பிறகு?"

"வெதை போட மேலாக் கொத்துனதோட சரிங்க. வேற யாரும் தொடலைங்க."

முத்துலிங்கம் மகிழ்ந்து போனார். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். அடியிலிருந்து ஒரு கூடை மண் வேண்டும், பிரதம விஞ்ஞானி பார்க்க, என்றார். ஆண்டியப்பன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்:

"ஐயா, அந்தக் காயிதத்துல முப்பத்தொம்பதுன்னு போட்டு, ஏம்பேரும் போட்டு, எனக்கு ஒண்ணு குடுப்பீங்களா? சீல் குத்தி?"

"அதுக்கென்ன. பிரதி ஒண்டு தரலாம்."

அன்றைக்கு மீனம்மா அவரோடு சண்டை போட்டாள். பதினைந்து வருடத்தில் பெரிய சண்டை அதுதான்.

"புள்ளைய வெட்டிக் குடுத்துக் காயிதம் வாங்கப் போறீங்களா?"

"ஓரத்துலதான் எடுப்பேன். ஒரு கூடை."

"ஒரு கூடையில அவ கையி வந்தா? காலு வந்தா?"

"மீனம்மா," என்றார் அவர், "கறையான் எல்லாத்தையும் தின்னுருச்சு. அந்த வருசத்துல நாம இங்கதான் இருந்தோம்னு சொல்றதுக்கு எனக்கு அவ ஒருத்திதான் இருக்கா."

மீனம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஓரத்தில் எடுத்த ஒரு கூடை மண் போனது; சான்றிதழ் வந்தது. தடித்த காகிதம், இரண்டு முத்திரை, மூன்று கையெழுத்து. 'மேற்படி பற்றீரியா 1939ஆம் வருடம் முதல் புகைமலைத் தோட்டத்தில் இடையறாது வசித்துவருவது, அத்தோட்டத்து ஆண்டியப்பன் என்பாரின் நம்பகமான வாக்குமூலத்தால் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது.' ஆண்டியப்பன் அதை வாழையிலையில் சுற்றி, துணியில் முடிந்து, தை மாதம் அட்டனில் நடந்த பிரஜாவுரிமை விசாரணைக்குக் கொண்டுபோனார்.

விசாரணை அதிகாரி காகிதத்தை இரண்டு தரம் படித்தார். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்.

"இதில் 1939 முதல் இங்கே வசிப்பதாகச் சொல்லப்படுவது யார்?"

"பற்றீரியாங்க."

"நீர் பற்றீரியாவா?"

"இல்லைங்க."

"பின் ஏன் அதன் சான்றிதழை நீர் கொண்டுவந்தீர்?"

"அது அங்க இருக்குன்னு சொன்னதே நாந்தானுங்க. அந்தக் குழிய வெட்டுனதும் நான். எம் மகதான் அதுல இருக்கா. அந்த வருசம் நான் இங்க இல்லாட்டி அத எப்பிடிங்க வெட்டியிருப்பேன்?"

அதிகாரி பொறுமைசாலி. எழுதுகோலை வைத்துவிட்டு விளக்கினார். "கவனமாகக் கேளும். பற்றீரியாவைப் பற்றி நீர் சொன்னது சாட்சியம். உம்மைப் பற்றி நீர் சொல்வது சுயலாபம். இரண்டையும் சட்டம் ஒன்றாகப் பார்க்க முடியாது. மகள் இங்கே இருக்கிறாள் என்பதை நான் மறுக்கவில்லை. அவள் விண்ணப்பித்திருந்தால் பரிசீலித்திருக்கலாம். குழி வெட்டியவர் வெட்டிவிட்டு அன்றைக்கே கப்பல் ஏறியிருக்கக்கூடும் அல்லவா?"

"புள்ளைய மண்ணுல வச்ச அன்னிக்கா?" என்று கேட்டார் ஆண்டியப்பன்.

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அது பெறுமதியான ஆவணம், பத்திரமாக வைத்திருக்க வேண்டும், பற்றீரியாவுக்குப் பின்னால் தேவைப்படலாம் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது உத்தரவு காத்திருந்தது. நோர்வூட்டிலிருந்து கொத்மலை வரை நாற்பது தோட்டங்களுக்குச் சுதேசப் பற்றீரியா அனுப்பப்படும். தோட்டத்துக்கு ஒரு சாக்கு. மேற்படி இடத்தில் நாலடி ஆழத்துக்கு மண் எடுத்து, வியாழக்கிழமைக்குள் நாற்பது சாக்கு நிரப்பிவைக்க வேண்டியது. பொறுப்பு: ஆண்டியப்பன்.

புதன்கிழமை விடிகாலையில் அவரும் மீனம்மாவும் மண்வெட்டியும் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் வருமுன் வேலாயியை எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுவது என்று தீர்மானம். செடிகளை மீனம்மா தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஆண்டியப்பன் வெட்டினார். இரண்டடி. மூன்றடி. பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டு இறங்கிக் கையால் தோண்டினார். அந்தப் புளிப்பு மண் தேயிலைக்கு நல்லது, எலும்பைக் கரைத்துவிடும். பல்லில்லை, வளையல் துண்டில்லை. எங்கே கைவைத்தாலும் வேர். மெல்லிய வெள்ளை வேர்கள் குழியின் அடிவரை இறங்கி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன. மிளகு மிளகாக முடிச்சு.

"இருக்காளா?" என்று மேலிருந்து கேட்டாள் மீனம்மா.

அவர் ஒரு கைப்பிடி வேரை எடுத்து நீட்டினார். மீனம்மா ஒரு முடிச்சைக் கிள்ளினாள். விரலில் சிவப்பு ஒட்டியது. அதைத் துடைக்காமல் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"மூடிருங்க" என்றாள்.

"சாக்கு நாப்பது கேக்குறாங்களே."

"எம் மகள ஒரு சாக்குக்கும் குடுக்க மாட்டேன். மூடுங்க."

மூடினார். அப்புறம் நேரே தேயிலைச் சரிவுக்கு இறங்கி, போன மாதத்து மழை கானுக்குள் கொண்டுவந்து கொட்டியிருந்த சேற்றை அள்ளி அள்ளி நாற்பது சாக்கையும் நிரப்பினார். எந்த மலையிலிருந்து எந்தத் தண்ணீர் கொண்டுவந்த சேறு என்று அந்தச் சேற்றுக்கே தெரியாது.

வியாழக்கிழமை முத்துலிங்கம் பிரதம விஞ்ஞானியோடு வந்தார். பிரதம விஞ்ஞானி ஒரு சிட்டிகை சேற்றைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்து, முகர்ந்து, "தொன்மை தெரிகிறது" என்றார். நாற்பது சாக்கிலும் கட்ட நாற்பது அட்டைகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றிலும், 1939 முதல் இங்கேயே வசிப்பது என்று அச்சிட்டு, சாட்சிக்கு இடம் விட்டிருந்தது.

"இந்த மண் முப்பத்தொன்பது தொடக்கம் இஞ்சைதான் இருந்தது, உமக்கு நல்லாய்த் தெரியும்தானே?" என்று கேட்டார் முத்துலிங்கம்.

"தெரியுங்க."

"வேறை அத்தாட்சி ஏதும் எடுத்து வைக்கவோ?" என்று அவர் பிரதம விஞ்ஞானியைப் பார்த்தார்.

பிரதம விஞ்ஞானி ஆண்டியப்பனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "தேவையில்லை. பரம்பரையாக மண்ணோடு வாழும் மனிதர் இவர். இவருடைய சொல் ஒன்றே போதும்."

ஆண்டியப்பன் நாற்பது தரம் பெருவிரலை மையில் ஒற்றி நாற்பது அட்டையிலும் வைத்தார். லொறி சாக்குகளோடு மூட்டத்துக்குள் இறங்கி மறைந்தது. நாற்பது தோட்டத்திலும் செடி நன்றாக வந்தது. அந்த வருடம் நஞ்சுத்தூள் ஏற்றிய கப்பல் வரவில்லை. முத்துலிங்கத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அன்று லயத்து வீட்டுக்கு வந்ததும் மீனம்மா அவர் கையைப் பார்த்தாள்.

"என்னாங்க இம்புட்டு மை?"

"சாட்சி சொன்னேன்."

"யாருக்கு?"

"கான் சேத்துக்கு."

"நம்புனாங்களா?"

"ஒடனே."

மீனம்மா வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அவர் வாசலில் குந்தி விரலைக் கல்லில் தேய்த்தார். தோல் சிவந்ததே தவிர மை போகவில்லை.

"நம்மள எப்ப போகச் சொல்லுவாங்கன்னு தெரியல புள்ள" என்றார் தலை தூக்காமல்.

"சொல்லட்டும்" என்றாள் மீனம்மா. இன்னொரு குவளை ஊற்றினாள். "அவள மட்டும் யாரும் எங்கயும் போகச் சொல்ல மாட்டாங்க."